ரோசம்மை அக்காவின் ஜெபம்

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்த நாட்கள் அவை. ஊர்வலத்தில் போன என் தம்பி ஞானதாசன் போலீஸ் லாக்கப்பில் கிடந்தான். எனக்கு எங்கும் இருப்புக் கொள்ளவில்லை.

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் சபையில், பிரசங்கம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் ஜெபிக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்று, தமிழர் ஜெயிக்க வேண்டும், எதிரிகள் வெட்கப்பட வேண்டும் என்று உரத்த குரலில் நீளமாக ஜெபித்தேன்.

நான் முடித்ததும், பெண்கள் பக்கத்தில் ரோசம்மை அக்கா முழங்காலிட்டு மலையாளத்தில் ஜெபிக்கத் தொடங்கினாள். அவள் மகன், தம்பி அடைபட்டிருந்த அதே ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது தமிழ்ச் சபையாக்கும். தமிழ்ல ஜெபிச்சா போதும்!" என்று கத்தினேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "மக்கா, அழும்போ எனக்கு மலையாளந்தான் வரும்" என்று சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தாள்.

எனக்கும் மலையாளம் தெரியும். தன் மகனின் கை ஞானதாசன்மேல் விழாமல் தடுக்கும்படி அவள் கர்த்தரிடம் கெஞ்சினாள். ஏற்கனவே விழுந்திருந்தால் அந்தத் தண்டனையைத் தனக்குத் தரச் சொன்னாள்.

என் நீண்ட ஜெபத்தில் தம்பியின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

நின்ற இடத்திலேயே மண்டியிட்டேன். வேறு வார்த்தை வரவில்லை. அவன் பெயர் மட்டும் வந்தது. அதற்குமுன் நான் சபையில் செய்ததெல்லாம் பேச்சு. ஜெபம் என்றால் அதுதான் முதல்.