ஒரு சேதமும் இல்லாத மேசை விரிப்பு

ஒரு சின்ன அட்டையைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நகர அருங்காட்சியகத்தில் வீட்டுத் தையல் கண்காட்சி என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மூன்றாவது அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஓரமெல்லாம் நீலப் பூவேலை செய்த வெள்ளை மேசை விரிப்பு. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் அட்டை: ‘அறுபது ஆண்டுகளாக ஒரு சேதமும் இல்லாமல் குடும்பத்தார் பாதுகாத்தது.’

பாதுகாத்தார்களாம்!

அந்த விரிப்பை இஸ்திரிப் பெட்டியால் சுட்டவன் என் அண்ணன். சலவைக் கடையில் பத்தொன்பது வருஷம் இஸ்திரி போட்டவன். பெட்டியைத் தன் பழைய துண்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் துணியில் வைப்பான். சூடு குறைக்கிற திருகு கெட்டுவிட்டது என்று முதலாளியிடம் மூன்று நாள் தொடர்ந்து சொன்னான். “பாத்துக்கலாம்” என்றார் அந்த மகராசன். நாலாம் நாள் இந்த விரிப்பில் மூன்று விரல் அகலத்துக்குக் கருகிப்போனது.

விரிப்புக்குச் சொந்தக்காரரான டாக்டர் வீட்டம்மா கடை வாசலில் நின்று கத்தினார். “எங்கம்மா கையால தைச்சது! மொத்தமும் பாழாப் போச்சு!” யானைக்கும் அடி சறுக்கும், என் அண்ணனுக்கு மட்டும் சறுக்கக் கூடாது. அன்று சாயங்காலமே முதலாளி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அதே கடையின் பின்னறையில் எனக்கு டார்னிங் வேலை, துணியில் விழுந்த ஓட்டையை இழை கோத்து அடைப்பது. விரிப்பின் ஓர மடிப்புக்குள்ளிருந்தே ஒவ்வோர் இழையாக உருவி, கருகிய இடத்தில் மேலும் கீழுமாகக் கோத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்பது நாள். முடித்தபோது என் கண்ணுக்கே தையல் தெரியவில்லை. இதைப் பார்த்தால் அண்ணனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். டாக்டர் வீட்டம்மா விரித்துக்கூடப் பார்க்கவில்லை. “தைச்ச இடம் அசிங்கமாத் தெரியுது” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார். நரம்பில்லாத நாக்குதானே. முதலாளி அதை அப்படியே அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

தைத்த இடம் தெரியவே இல்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! “யாருக்குடி காது குத்துற? என் மனசு ஆறணும்னு சொல்ற” என்பான். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஒரு கிடங்கு வாசலில் காவலாளி. இஸ்திரிப் பெட்டியைத் தொடவே இல்லை. அண்ணி போட்டுத் தருகிறேன் என்றாலும் விடமாட்டான். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் கசங்கின சட்டைதான்.

மறுநாள் பதினொரு மணிக்கு விரிப்பைக் கொடுத்தவர் வந்து பேசுவார் என்று கண்காட்சிப் பலகையில் எழுதியிருந்தது. அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் வீட்டம்மா கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர்.

“இதுல ஒரு சேதமும் இல்லீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“நீங்களே பாருங்களேன். ஒரு பொட்டு கறை இருக்கா?”

“சலவைக் கடையில வேற மாதிரி சொன்னீங்களே. இதுக்காகத்தானே எங்கண்ணன் வேலை போச்சு!”

“எந்தக் கடை?” என்றார். நினைவே இல்லை! நான் விடாமல் சொல்லச் சொல்ல, மெல்ல முகம் மாறியது. “ஓ, அதுவா... கோவத்துல ஏதோ சொல்லியிருப்பேன். அதையெல்லாமா இன்னும் மனசுல வெச்சிருக்கீங்க?”

ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, மனசில் வைத்திருப்பதும் எங்கள் குற்றமாம்.

அண்ணன் இது எதையும் காதில் வாங்கவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தான். இன்னொரு தடவை வந்தான். கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து, என்னைக்கூடப் பார்க்காமல் நேராக அவரிடமே கேட்டான்.

“அம்மா, நான் எந்த இடத்துல சுட்டேன்? கொஞ்சம் காட்டுங்க.”

கூட்டம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து தேட ஆரம்பித்தார். இந்த மூலை, அந்த மூலை, நடுவில், மறுபடியும் முதல் மூலை.

எனக்கு இடம் தெரியும். தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.