குண்டு வார்க்கும் அச்சு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் அண்ணை, தூண்டில் நூலில் பாரத்துக்குக் கட்டும் ஈயம் வார்க்க அச்சு தேடினார். ஞாயிற்றுச் சந்தையில் இரண்டு கிடந்தன. ஒன்று மீன்பிடிக்கானது, மற்றது கைத்துப்பாக்கிக் குண்டு வார்ப்பது. இரும்பு நல்லது, குண்டும் தூண்டிலுக்குப் பாரமாகுமென்று குண்டு அச்சையே எடுத்தார்.

"அண்ணை, அதை வையுங்கோ. என்ர அகதி கேஸ் இன்னும் முடியேல்ல."

"விசரா, துவக்கு எங்க இருக்கு? இது அச்சுத்தானே."

"பொலிஸ் வந்தால் மீனோ சாட்சி சொல்லும்?"

சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஈயம் உருக்கப் பழைய சட்டி தேடினார். அந்த அச்சு கிடக்கும் அறையில் படுக்க எனக்குத் துணிவில்லை. பையை அடுக்கினேன்.

"மீன் பட்டால் சொல்லுறன், சாப்பிட வா" என்றார்.

லண்டனின் வடக்கே எட்மண்டனில் தெரிந்தவர் வீட்டில் தரையில் படுக்க இடமிருந்தது. பஸ் ஏறினேன்.