மொட்டைப்பாறை வளைவுக்கு இறங்கிய அண்ணன்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உங்களில் பலர் அவருடைய பஸ்ஸில் மலை ஏறியவர்கள். அவர் அவ்வளவு சாது என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அவருடைய பிடிவாதத்தைத் தங்கையான நான்தான் அறிவேன்.

ஆலங்காயத்தை அடுத்த சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அப்பா சிறுவயதிலேயே போய்விட்டதால் படிப்பை விட்டார், ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் ஆனார். என் கல்யாணம் முடியும்வரை தன் கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பறவைகள். மாசி பிறந்து புரசு பூத்துவிட்டால் போதும், மலையில் கண்ட பறவைகளை டிரிப் ஷீட்டின் பின்பக்கம் குறித்துவைப்பார். மலைமேல் தேன் எடுக்கும் நண்பர் ஒருவர், கீழே ஆலங்காயத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். அதே பைத்தியம் பிடித்த இந்த இருவருக்கும் இடையே அண்ணன்தான் தபால். சேதியைப் படிக்கட்டில் நின்று உரக்கக் கூவுவது அவர் வழக்கம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசிக் காலை. ஜமுனாமரத்தூரில் தையல் வகுப்புக்குப் போக நானும் அந்த வண்டியில் இருந்தேன்.

"இன்னாப்பா சேதி?" என்றார் ஆசிரியர், ஆலங்காயம் நிறுத்தத்தில் கீழே நின்றபடி.

"மொட்டப்பாற வளைவுல, ரோட்டுக்குக் கீழ இடுக்குல, கொம்பன் ஆந்த குஞ்சு பொரிச்சிருக்குது வாத்தியாரே! மூணு!"

வண்டியே சிரித்தது. மலை ஏறி அந்த வளைவைத் தாண்டியதும், ஜமுனாமரத்தூருக்கு டிக்கெட் வாங்கிய இருவர் அங்கேயே இறங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். அண்ணன் விசில் கொடுத்து இறக்கிவிட்டார். வண்டி நகர்ந்தபோதுதான் அவர்களுடைய சாக்கிலிருந்து வலை நுனியும் கொடுவாள் பிடியும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மாந்திரீகத்துக்கு ஆந்தை பிடித்து விற்பவர்கள் அப்போது இந்தப் பக்கம் வந்துபோவதுண்டு. அண்ணன் விசிலை ஊதிக்கொண்டே முன்னால் ஓடினார்.

"நிறுத்துங்க டிரைவரே!"

"ஏத்தத்துல மறுபடி எப்டிப்பா நிறுத்தறது? பின்னால லாரி வர்து."

அகலமான இடம் வருவதற்குள் இன்னும் இரண்டு வளைவுகள் போய்விட்டன. அண்ணன் டிக்கெட் பையை என் மடியில் வைத்தார்.

"பாத்துக்கம்மா. போய்ட்டு வர்றேன்."

"வேல போய்டும்பா!" என்று டிரைவர் கத்தினார்.

"போனா போவட்டுங்க. நான்தான சொன்னேன், நான்தான் போவணும்."

அவர்கள் இருவர், கையில் கொடுவாள். இவரிடம் விசிலைத் தவிர ஒன்றுமில்லை. அன்று நான் தையல் வகுப்புக்குப் போகவில்லை. பையை அணைத்துக்கொண்டு பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மதியம் அதே வண்டியில் நான் மலை இறங்கும்போது அண்ணன் வளைவில் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் இரத்தம், சட்டை கிழிந்திருந்தது.

"இன்னாண்ணா ஆச்சு?"

"ஒண்ணு இருக்குது. ரெண்டு போச்சு."

கடைசி சீட்டில் உட்கார்ந்து, பயணிகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார். ஒரு வாரம் வேலை இல்லை. டிரைவர் முதலாளியிடம் மன்றாடியதால்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன்பின் அண்ணன் கூவியதே இல்லை. டிரிப் ஷீட்டின் பின்பக்கம் பறவையின் பெயரும் நாளும் மட்டும் இருக்கும், இடம் இருக்காது. இடத்தை வண்டியிலிருந்து இறங்கிப் போய் ஆசிரியரின் காதில் சொல்வார். சம்பந்தம் பேசுகிறார்கள் என்று பயணிகள் கேலி செய்வார்கள். அண்ணியிடமும் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை.

கல்லீரல் கெட்டு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் உடனிருந்த டிரைவருக்கும், மலைத்தேனுடன் வந்து பார்த்த நண்பருக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆசிரியருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. சென்ற மாசியில் அண்ணனை எடுப்பதற்குச் சற்றுமுன் அவர் வந்தார். மாலை போட்டார். பிறகு குனிந்து, அண்ணன் காதில் ஏதோ சொன்னார்.

எந்தப் பாறை என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.