நெற்றிக்குக் காவல்

கத்தரீனாள் பெரியம்மாவை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் முழுதாக நம்பியதில்லை. மாட்டுப்பட்டிக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். மகன் வினோவின் வீட்டில் இருக்கிறார். காலையில் செபமாலை முடிந்ததும் ஒரு வாளி, பழைய துணி, தேங்காய் எண்ணெய் இவற்றோடு கிளம்பிவிடுவார். வாதம் வந்து படுத்துவிட்ட மூக்கம்மாளைக் குளிப்பாட்டத்தான். இருவருக்கும் உறவில்லை, சாமியும் வேறு. யாரும் இவரைக் கூப்பிடவும் இல்லை.

“அவுக மதத்துக்கு ஆளச் சேத்தா மாதா கோயில்ல ஏதோ கொடுப்பாகளாம்” என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கும் சந்தேகம்தான். உதவி செய்கிறவர்கள் கேமராவோடு வருவதையே பார்த்திருக்கிறேன். இவர் போட்டோகூட எடுப்பதில்லை என்பது இன்னும் உறுத்தியது. ஒருநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

“எதுக்குப் பெரியம்மா இதெல்லாம்?”

“மேல போனா ஆண்டவர் கேப்பாருல்ல. அடுத்த லயத்துல ஒருத்தி கெடந்தாளே, எட்டிப் பாத்தியான்னு.”

“அப்ப பரீட்சைக்குப் படிக்கிறீங்க.”

“ஆமா. பள்ளிக்கூடத்துலதான் பாஸாகல. இதுலயாவது ஆவணும்.”

அதன்பின் நானும் தினம் கூடப் போனேன். மூக்கம்மாளின் மகன் வீரபாண்டி சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். மருமகள் முருகேஸ்வரி கொழுந்துக்குப் போய்விடுவாள். கிழவியின் இடுப்பில் படுக்கைப்புண். மாதம் ஒருமுறை வரும் பஞ்சாயத்து நர்ஸ், திருப்பித் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் எலும்பு வரைக்கும் போய்விடும் என்று சொல்லியிருந்தார். திருப்பத்தான் பகலில் ஆளில்லை.

பெரியம்மாவின் கட்டைவிரலுக்கு ஒரு பழக்கம். சோற்றுப்பானையை இறக்கினால் அதன்மேல் ஒரு சிலுவை. பேரன் பள்ளிக்குக் கிளம்பினால் நெற்றியில் ஒன்று. மலை இறங்கும் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பிக்கும் ஒன்று. மூக்கம்மாளின் முகத்தைத் துடைத்து முடித்ததும் விரல் தானாக அந்த நெற்றிக்குப் போகும். ஜீப் பழுதாகி வீட்டில் நின்ற ஒரு காலையில் வீரபாண்டி அதைப் பார்த்துவிட்டார்.

“நெத்தியில என்ன வரைஞ்சீங்க?”

“கைப்பழக்கம்ப்பா. பானைக்கும் போடுவேன்.”

“எங்கம்மா பானையில்ல. தண்ணிய வேற தொட்டுப் போடுறீங்க. ஞானஸ்நானமா?”

“அதுக்கு அவ கேக்கணும்ப்பா. அவதான் பேச்சில்லாமக் கெடக்காளே.”

“அது ரொம்ப வசதியாப் போச்சு.”

வீரபாண்டியின் கையால் வாளி வாசலுக்கு வந்தது. பின்னாலேயே நாங்களும் வந்தோம்.

ஒரு வாரம் கழித்து, வேலை முடிந்து வரும் வழியில் முருகேஸ்வரி எங்களை நிறுத்தினாள். “புண்ணு நாறுது பெரியம்மா. அவரு ஜீப்ப எடுத்ததும் வாங்க. நான் சொல்ல மாட்டேன்.”

“ஒளிஞ்சு வந்தா அவன் நெனைக்கிறது நெசமாயிரும் புள்ள.”

பெரியம்மா நேராக ஜீப் ஸ்டாண்டுக்குப் போனார். “நீ என்னைய நம்ப வேணாம் வீரபாண்டி. பக்கத்துல உக்காந்து காவல் இரு. விரல் போனா பிடிச்சுக்க. அவளத் திருப்பிப் போடணும், அவ்வளவுதான்.”

“ஏ பாண்டி, உன்னையும் சேத்திரும் போல” என்றார் இன்னொரு டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். வீரபாண்டி சிரிக்கவில்லை.

மறுநாள் நாங்கள் போனபோது கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பார்வை முழுக்க அந்தக் கட்டைவிரலின் மேல். கிழவியைத் திருப்பும்போது பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

“காவக்காரரே, அந்தத் தோளப் பிடிங்க.”

பிடித்தார். அப்போதுதான் புண்ணின் ஆழம் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். தோளை விடாமல் அப்படியே நின்றார். முகம் துடைக்கும் நேரம் வந்ததும் துணியைப் பிடுங்கித் தானே துடைத்தார். திருநீற்றையும் தானே பூசினார். மூக்கம்மாள் உயிருள்ள கையால் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விட வெகுநேரம் ஆயிற்று.

அதன்பின் முதல் சவாரியை விட்டுவிட்டுத் தினமும் காவலுக்கு உட்கார்ந்தார். கழுவினார், மருந்து வைத்தார், திருப்பினார். புண் மெல்லக் காயத் தொடங்கியது. ஒரு காலையில் வாசலிலேயே எங்களை மறித்தார்.

“இனிமே வர வேணாம் பெரியம்மா. காலையில நான், மத்தியானம் சோத்துக்கு வரும்போது முருகேஸ்வரி. உங்க கையையே எத்தன நாளைக்குப் பாத்துட்டு உக்காந்திருக்கிறது?”

“இன்னும் நம்பலையாண்ணே?” என்று நான் கேட்டேன்.

“இல்ல.”

“இடப்பக்கம் ரொம்ப நேரம் போட்டுறாத” என்று மட்டும் சொல்லி, எண்ணெய் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார் பெரியம்மா.

மேல் லயத்தில் செல்லத்துரை வழுக்கி விழுந்து கிடக்கிறாராம். அங்கே ஏறினோம். அவர் வீட்டு ஜன்னல் துணி விலகியது. யாரோ எங்களையும் வாளியையும் பார்த்துவிட்டுத் துணியை இழுத்து மூடினார்கள். பெரியம்மா கதவைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார்.