கடைசி ரீடிங்

அக்கா திண்டிவனத்தில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிக்கும் வருஷம், எனக்கு மூன்றாம் வாய்ப்பாடே தகராறு. இன்றைக்கும் அதில் பெரிய முன்னேற்றமில்லை. ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தால் எம்.எஸ்சி., வராவிட்டால் கெடார் ஊர் மாப்பிள்ளை என்று அப்பா சொல்லியிருந்தார். அதிலும் ஒரு முன்ஜாக்கிரதை. கடைசி பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கே, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரை விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்.

அக்காவை அழைத்துவர மாமா போனார், துணைக்கு நான். லேப் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் அக்கா நின்றிருந்தாள். வெந்நீரில் ஒரு குடுவை.

"ஒரே ஒரு ரீடிங்கு மாமா. உள்ள இருக்கறது மொத்தமா மாறி முடிஞ்சாத்தான் எடுக்கணும். முக்காமணி ஆவும்."

"அவங்க வந்து உக்காந்துக்கினு இருப்பாங்கடி! முடிஞ்சமாதிரி எடுத்துக்கோ, எவன் பாக்கறான்? ஜல்தி வா."

"பஸ்ஸு போயிடும்க்கா" என்று நானும் சேர்ந்துகொண்டேன். வீட்டில் பஜ்ஜி சுடப்போகிறார்கள் என்ற கவலை எனக்கு.

அக்கா குடுவையை எடுத்து ஆறவைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் தூசியில் விரலால் போட்டுக்காட்டினாள். எல்லா ரீடிங்கையும் அந்தக் கடைசி ரீடிங்கிலிருந்து கழித்து, லாக் பார்த்துத்தான் புள்ளி வைக்க வேண்டுமாம். முதல் புள்ளிகள் சீராக இறங்கின. கடைசி மூன்றும் குப்புற விழுந்தன.

"நேர்கோடு வந்தா ஃபர்ஸ்ட் ஆர்டரு. அந்த சரிவ வெச்சுதான் வேகத்தோட கான்ஸ்டன்ட்டு. கடைசி ரீடிங்க முன்னாடியே எடுத்துட்டதுல இது வளைஞ்சிடுச்சு பாரு."

"ஸ்கேல வெச்சு நேரா இழுத்துட வேண்டிதானே?" என்றேன்.

"எல்லாரும் அப்டித்தான் இழுப்பாங்க. நான் வந்தத வெச்சேன்."

"கோடு வளைஞ்சா இன்னா, நேரா போனா இன்னா, சோறு வேவாதா?" என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். முறுக்கு வாங்கித் தருபவர் சிரித்தால் கூடச் சிரித்துவிடுவது என் வழக்கம்.

ஃபர்ஸ்ட் கிளாஸ் கொஞ்சம் மார்க்கில் போயிற்று. கெடாரே முடிவானது. அதெல்லாம் பிறகு.

அன்று ஐந்து மணிக்கு யாரும் வரவில்லை. கிளம்பும்போது பூனை குறுக்கே போனதென்று மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப்போய் உட்கார்ந்துவிட்டு, பஸ்ஸையும் விட்டுவிட்டார்களாம். ஆறு மணியாயிற்று. பஜ்ஜி ஆறிப்போயிற்று. அக்கா பட்டுப்புடவையில், தலைநிறைய மல்லிகையோடு, சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளைய பாக்க இன்னா அவசரம் பாரு! அக்கா முள்ளையே தள்ளிடும் போலக்குது!" என்றேன்.

வீடே சிரித்தது. ஊரைச் சிரிக்கவைக்கும் என் தொழில் அன்றைக்குத்தான் ஆரம்பமானது.

"அந்த முக்காமணி நேரமும் அங்கியே நின்னிருக்கலாம்" என்றாள் அக்கா, யாரிடம் என்றில்லாமல்.

வெட்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்து, இன்னும் உரக்கக் கூவினேன். அவள் வாசல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை என்பது என் கண்ணில் படவேயில்லை.