நெம்புகோல் பாடம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அந்த விரிவுரையாளருக்கு மாணவிகள் வைத்த பெயர் ‘கடைசி பெஞ்ச்’. பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குப் போகும் பெண்கள் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று பின்னால் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவது அவர் வேலை. அவர் தலை தெரிந்தாலே பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன வாரம் ஒருத்தி, நான்காவது நிமிடமே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அன்று ஐந்தாம் வகுப்பில் நெம்புகோல் பாடம். நடத்த வந்த பெண் பாடத்திட்டத்தைப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தாள். குரல்தான் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை.

“டீச்சர், ஒண்ணுமே கேக்கல!” என்றாள் ஜன்னலோரச் சிறுமி.

“ஏதோ ‘நெ’ன்னு ஆரம்பிக்குதுடி,” என்றாள் பக்கத்துச் சிறுமி.

விரிவுரையாளர் ‘குரல் போதாது’ என்று குறித்துக்கொண்டார். கிட்டே போய்ச் சொல்லிவிடலாம் என்று எழப் பார்த்தார். முடியவில்லை. குழந்தைகள் அளவுக்குச் செய்த டெஸ்க். அதன் அடித்தட்டில் முட்டி வசமாக மாட்டியிருந்தது. பின்னால் சுவர். இழுத்தார், முக்கினார். கனத்த மர டெஸ்க் அசையவே இல்லை. வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவருக்கு முகமெல்லாம் சூடேறியது.

“மேடம், அசையாதீங்க!”

பயிற்சிப் பெண் போட்ட சத்தத்தில் அடுத்த வகுப்பு ஆசிரியரே எட்டிப் பார்த்தார். அவள் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கலையும், மூலையில் கிடந்த நீள மரச்சட்டத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். சட்டத்தின் நுனியை டெஸ்க்குக்கு அடியில் கொடுத்து, செங்கலைச் சட்டத்துக்குக் கீழே வைத்தாள்.

“செங்கல்தான் ஆதாரப்புள்ளி. டெஸ்க் பளு. இருக்கறதுலயே ஒல்லியா இருக்கறவ யாரு? நீ வா. செங்கலுக்குக் கிட்ட அமுக்கு.”

அந்தச் சிறுமி அமுக்கினாள். “மேடம் வரமாட்டேங்கறாங்க டீச்சர்!”

“அப்ப தள்ளிப் போய் அமுக்கு!”

சட்டத்தின் கோடியில் அமுக்கினாள். டெஸ்க் அப்படியே எழும்பியது, கால் விடுபட்டது. கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது.

“எங்களுக்குத் தெரியல டீச்சர், எல்லாரும் மறைச்சிட்டாங்க!” என்று முன்வரிசை அழாத குறையாகக் கத்தியது.

விரிவுரையாளர் முட்டியைத் தடவினார். யோசித்தார். பிறகு புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, தானாகவே காலைத் திரும்ப டெஸ்க்குக்கு அடியில் விட்டார்.

“ஒவ்வொரு வரிசையா வாங்க. தள்ளாதீங்க!”

மணி அடிப்பதற்குள் ஐந்து முறை மாட்டி, ஐந்து முறை விடுபட்டார். வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்துக் கணவர் பதறினார்.

“என்னம்மா, எங்க விழுந்த?”

“விழல. ரொம்ப வருஷம் கழிச்சு இன்னிக்குப் பாடம் எடுத்தேன்.”