வெள்ளிக்கிழமை விரதம்

காமினி எங்கள் கிளினிக்கில் காலடி எடுத்து வைத்த அன்றே, சரியான முந்திரிக்கொட்டை என்று நினைத்துக்கொண்டேன். டாத்தோ கிராமாட் சாலையில் இருக்கும் சின்ன கிளினிக் அது. கவுண்டரில் இருப்பவள் நான். அவள் ஒரு கம்பெனியிலிருந்து வந்தாள். தனித்தனியாக ஓடும் டாக்டர்களையும் மருந்துக்கடையையும் உணவு ஆலோசகரையும் சேர்த்து வைத்து, ஒரு நோயாளியை எல்லாரும் ஒன்றாகக் கவனிக்கச் செய்வது அவள் வேலை. "பேஷண்ட் எத்தனை தடவ வந்தாருன்னு பார்க்காதீங்க டாக்டர், நல்லா ஆனாரான்னு பாருங்க" என்று எங்கள் டாக்டர் சிவநேசனுக்கே பாடம் எடுத்தாள்.

அந்த வேகத்துக்குக் காரணம் இருந்தது. புக்கிட் மெர்தாஜாமில் அவள் அப்பா சுப்பையாவுக்கு நெஞ்சுக்கு ஒரு டாக்டர், மூட்டுவலிக்கு ஒரு டாக்டர். ஒருவர் கொடுத்த மருந்து மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து வயிற்றில் ரத்தம் கசிந்து மனிதர் போய்ச் சேர்ந்தார். "யாராச்சும் ஒருத்தர் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தா அப்பா இருந்திருப்பாரு நோர்மாக்கா" என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு அவளைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சமாகத்தான் செய்தேன்.

அவளுடைய செல்ல நோயாளி ருக்குமணி ஆன்ட்டி. மகன் ஷர்வினுக்குப் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. இருவரும் ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் குடியிருந்தார்கள். ஆன்ட்டிக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. நினைத்தால் மாத்திரை போடுவார், இல்லையென்றால் இல்லை. காமினிதான் போன் போட்டுப் போட்டு அவரை வழிக்குக் கொண்டுவந்தாள். "என்ன ஆனாலும் மாத்திரைய மட்டும் விடக்கூடாது ஆன்ட்டி" என்பாள். ஆன்ட்டி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

கிளினிக்கிலிருந்து போகும் மெசேஜ்கள் அதுவரை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தன. வயதானவர்களுக்குத் தமிழில் அனுப்புவோம் என்றாள் காமினி. நல்ல யோசனைதான். ஆனால் அவள் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் எழுத்தையே வேலைக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டாள். ரத்தப் பரிசோதனைக்குச் சாப்பிடாமல் வர வேண்டும் என்பதை எப்படி எழுதுவது? போனில் தேடினாள், 'உண்ணாவிரதம்' என்று வந்தது. அது போராட்டக்காரர்கள் இருப்பது என்று அவளுக்கே தெரிந்தது. முன்பாதியை வெட்டிவிட்டு, 'வெள்ளிக்கிழமை காலை ரத்தப் பரிசோதனை. விரதம் இருந்து வரவும்' என்று எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள்.

எங்கள் வீட்டில் நோன்பு, காமினி வீட்டில் விரதம். இரண்டுமே கடவுளுக்காக இருப்பது, வெறும் வயிறு மட்டும் இல்லை என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. தன் புதுத் தமிழ் மேல் அவளுக்கு அவ்வளவு பெருமை.

வெள்ளிக்கிழமை காலை கிளினிக் கோயிலாகிவிட்டது. தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலோடு சில பெண்கள். நெற்றி நிறைய விபூதியோடு மோகனராஜ் அண்ணன். "எந்தச் சாமிக்கு விரதம்மா? மெசேஜ்ல போடலையே" என்று என்னிடம் கேட்டார். விரதத்துக்கு ஆகும் என்று பாலும் பழமும் சாப்பிட்டே வந்திருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காமினியின் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் வெளியே பஸ் நிற்குமிடத்தில் யாரோ விழுந்துவிட்டதாகக் கூச்சல் கேட்டது.

விழுந்தது ருக்குமணி ஆன்ட்டி. வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. மாத்திரையை மட்டும் விடவில்லை. சாப்பாடு இல்லாத உடம்பில் அது சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டது. டாக்டர் ஓடிப்போய் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார். ஆனால் விழுந்த வேகத்தில் மணிக்கட்டு முறிந்துவிட்டதால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

மாலையில் காமினி கம்பெனிக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தாள். "பேஷண்ட் தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்கன்னு போடு லா. அது பொய் இல்லையே" என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். அவள் ஒன்றும் எழுதாமல் எழுந்து என்னிடம் வந்தாள்.

"நோர்மாக்கா, என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா? தனியாப் போக வெக்கமா இருக்கு."

வார்டில் எங்களைப் பார்த்ததும் ஆன்ட்டி கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதம்மா. தப்பு என்னோடதுதான். ஷர்வினுக்குக் கோழிக்கறி வச்சேனா, மறந்துபோய் உப்பு பார்த்துட்டேன். விரதம் கெட்டுப்போச்சு. அதான் சாமி தள்ளிவிட்டுருச்சு. டாக்டர்கிட்ட சொல்லிராத."

காமினி கூனிக் குறுகிப்போனாள். பேசாமல் தலையாட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேல தப்பே இல்ல ஆன்ட்டி. நான்தான் தமிழ தப்பா எழுதிட்டேன். ராத்திரி சாப்பிட்டுட்டு, காலையில மட்டும் சாப்பிடாம வந்திருந்தாப் போதும். விரதமே வேணாம். என்னாலதான் விழுந்தீங்க. மன்னிச்சிருங்க."

ஆன்ட்டி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் காமினிக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

"அப்போ அது சாமிக்கு இல்லையாம்மா?" என்றார் ஆன்ட்டி. "கிளினிக்லகூட நமக்காக வேண்டிக்கிறாங்களேன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஃப்ளாட் முழுக்கச் சொல்லிட்டேனே. இனிமே அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். காமினி அழுதுவிட்டாள்.

"நான் வர்றேன் ஆன்ட்டி. ஒவ்வொரு வீடா வந்து, என் தமிழ்தான் தப்புன்னு நானே சொல்றேன்."

ஆன்ட்டி திரும்பவில்லை. நல்ல கையை மட்டும் பின்னால் நீட்டிக் காமினியின் கையைத் தேடிப் பிடித்தார்.

"வேணாம்மா. உனக்கு வெக்கமா இருக்கும்."